ஆளரவமற்ற பாதை

"மனிதத் தலை தென்படாத இடம் ஒன்று நம் நாட்டில் உண்டா, ஸார்?"

நம்முடன் ஒரே பள்ளியில் விஞ்ஞானம் போதிக்கும் நண்பர் இக்கேள்வியைக் கேட்டது, கொடைக்கானல் மலைச் சாலையில் அசையாமல் நின்றுவிட்ட ஒரு பஸ்ஸிற்குள்ளே. அது பொங்கல் விடுமுறைக் காலம். முன்னே கண்ணுக்கு எட்டிய மட்டும் மோட்டார்கள், பின்னேயும் அவ்விதமே. வண்டிகள் கக்கும் புகையில் மலைக் காற்றின் வாசனை மறைந்து போயிற்று. ஏகாந்தத்தை நாடி ஊரை விட்டுப் புறப்பட்ட நாம், ஊரில் விட்டு வந்த கூட்டம் முழுவதையும் ஏழாயிரம் அடி உயரத்தில் மறுபடியும் சந்திக்க நேர்ந்தது.

நண்பரின் கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை. 2011-ம் வருஷத்து ஜனக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டு ஜனத்தொகை 7 கோடியே 21 லட்சம். ஒரு சதுர கிலோமீட்டர் நிலத்திற்கு 555 பேர். பாரத தேசம் முழுமைக்கும் இக்கணக்கு 382 தான். சமவெளியில் ஓர் ஊரின் கடைசி வீடு முடிவதற்குள் அடுத்த ஊரின் முதல் வீடு தொடங்கிவிடுகிறது. மலைக்கு ஓடினாலோ, அங்கும் இதே கதை. சதுரகிரியிலும் வெள்ளியங்கிரியிலும் விசேஷ நாட்களில் படிதோறும் ஜனத்திரள். கொடைக்கானலுக்கும் நீலகிரிக்கும் வரும் வாகனங்களின் நெருக்கடி பொறுக்க மாட்டாமல், உயர்நீதிமன்றத்தின் உத்தரவுப்படி 2024-ம் வருஷம் மே மாதம் 7-ந் தேதி முதல் 'இ-பாஸ்' என்னும் அனுமதிச் சீட்டு முறையே கொண்டுவரப்பட்டது. மலைக்குச் செல்லவும் சீட்டு வேண்டும் என்ற நிலை வந்துவிட்ட பிறகு, தனிமைக்கு எங்கே போவது?

ஆயினும், நண்பரின் கேள்விக்கு "உண்டு" என்பதே நம்முடைய பதில். அவ்விடத்தை நாம் தேடிக் கண்ட விதத்தையும், கண்ட பின்பு ஒரு நாள் மாலையில் நாம் கற்க நேர்ந்த பாடத்தையும் நேயர்களுக்குச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

சாலை விட்டுச் சென்ற வழிகள்

தனிமையைத் தேடுவோர் பெரும்பாலும் செய்யும் தவறு ஒன்று உண்டு. மனிதன் காலே படாத காட்டைத் தேடுகிறார்கள். ஜனநெருக்கம் மிகுந்த நம் நாட்டில் அப்படிப்பட்ட காடு மிகச் சொற்பம்; இருப்பதும் புலிக்கும் யானைக்கும் உரியது; அங்கே நமக்கு வேலையில்லை. தேட வேண்டியது மனிதன் போகாத இடத்தையன்று. மனிதன் முன்பு போய்க்கொண்டிருந்து, இப்போது போகாமல் விட்ட பாதையை.

கொடைக்கானலின் சரித்திரத்தையே எடுத்துக்கொள்வோம். பழனி மலைகளை அளக்க வந்த வார்டு என்னும் ஆங்கிலேய ராணுவ அதிகாரி 1821-ம் வருஷத்தில், குன்னுவர்கள் வாழும் வெள்ளகவி என்ற மலைக் கிராமத்தில் தங்கி, அங்கிருந்து மேலேறிச் சென்றார். 1845-ம் வருஷத்தில் மதுரையிலிருந்த அமெரிக்க மிஷனரிமார் கொடைக்கானலில் முதல் பங்களாக்களைக் கட்டினார்கள். 1875-ம் வருஷத்தில் திருச்சிக்கும் மதுரைக்கும் இடையே ரயில் வந்தது. ரயிலிலிருந்து இறங்கியவர்கள் இரவெல்லாம் மாட்டு வண்டியில் வந்து, பெரியகுளத்தை அடுத்த கிருஷ்ணம்ம நாயக்கன் தோப்பை அடைவார்கள். அதற்கு மேல் வண்டி போகாது. துரைமார் குதிரையில் ஏறினார்கள். துரைசானிமாரும் குழந்தைகளும் டோலியிலும் நாற்காலியிலும் அமர்ந்தார்கள். அவர்களைத் தோளில் சுமந்துகொண்டு நம் ஜனங்கள் கால்நடையாக ஏறினார்கள். முதல் உலக மகாயுத்த காலத்தில் மோட்டார் செல்லும் மலைச் சாலை திறக்கப்பட்டது. சாலை வந்ததும் கூட்டம் அதன் வழியே போயிற்று. பழைய நடைபாதைகள் மௌனமாயின.

இக்கதை கொடைக்கானலுக்கு மாத்திரம் உரியதன்று. கொல்லிமலைக்கு இன்று பஸ்கள் 70 கொண்டை ஊசி வளைவுகளைச் சுற்றிக்கொண்டு ஏறுகின்றன. மலையின் மற்றொரு புறத்தில், புளியஞ்சோலையிலிருந்து ஆகாய கங்கை அருவியை நோக்கிக் காட்டின் நடுவே ஒற்றையடிப் பாதை செல்கிறது. மூணாற்றுத் தேயிலை ஒரு காலத்தில் டாப் ஸ்டேஷன் வரையில் சிறு ரயிலிலும், அங்கிருந்து குரங்கணிப் பக்கம் கம்பிவடத்திலும் இறங்கி, வண்டியேறிப் போடிநாயக்கனூருக்கு வந்தது. 1924-ம் வருஷத்துப் பெருவெள்ளம் அந்த ரயிலை அழித்தது. வியாபாரம் வேறு வழியில் சென்றது. மலையேறும் தடம் மட்டும் மிஞ்சி நின்றது. சுருங்கச் சொன்னால், எங்கெல்லாம் சக்கரம் வந்து காலுக்கு ஓய்வு கொடுத்ததோ, அங்கெல்லாம் பக்கத்திலேயே ஒரு தனிமையான வழி காத்திருக்கிறது.

படமும் வாயும்

இத்தகைய வழிகளைக் கண்டுபிடிப்பது எப்படி? முதல் துணை, இந்திய நில அளவைத் துறையார் வெளியிட்டுள்ள நிலப்படங்கள். இவற்றில் 2 சென்டிமீட்டர் நீளம் தரையில் 1 கிலோமீட்டரைக் குறிக்கும். ஒரே உயரமுள்ள இடங்களை இணைக்கும் கோடுகள் 20 மீட்டருக்கு ஒன்றாக வரையப்பட்டிருக்கும். அக்கோடுகள் நெருங்கியிருந்தால் செங்குத்தான சரிவு, விலகியிருந்தால் சமநிலம். கோடுகளை நேரே வெட்டிக்கொண்டு ஏறும் பாதை முழங்காலைச் சோதிக்கும். கோடுகளோடு ஒட்டிச் செல்லும் பாதை மூச்சுக்கு இதமாயிருக்கும். நடைபாதைகள் விட்டு விட்டு வரையப்பட்ட மெல்லிய கோடுகளாகக் காணப்படும். மலை மீது ஒரு கிராமம். அடிவாரத்தில் ஒரு பெரிய ஊர். இரண்டையும் இணைப்பது இம்மெல்லிய கோடு மட்டுமே என்றால், நாம் தேடும் வழி அதுவே.

பள்ளி விட்ட பிறகு ஆசிரியர் அறை மேஜை மீது இப்படத்தை விரித்து வைத்துக்கொண்டு, நாமும் விஞ்ஞான நண்பரும் சித்திரம் போதிக்கும் இளைஞர் ஒருவருமாகப் பல மாலைகளைக் கழித்தோம். "இதோ, சாலையே இல்லாத ஊர்!" என்று நண்பர் ஒரு நாள் ஆனந்தக் கூச்சலிட்டார். அவர் விரல் நின்ற இடம் வெள்ளகவி. மேலே கொடைக்கானலை அடுத்த வட்டக்கானல், கீழே பெரியகுளத்தை அடுத்த கும்பக்கரை அருவி, நடுவே அக்கிராமம். அந்த விரலையும் கூச்சலையும் நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம். பின்னால் அதைப்பற்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது.

இரண்டாவது துணை, வாய். "வாயிருந்தால் வங்காளம் போகலாம்" என்று நம் பெரியோர் சொன்னது மலைப் பாதைக்கு மிகவும் பொருந்தும். படம் அச்சிட்ட பிறகு மண் சரிந்திருக்கலாம், புதர் மூடியிருக்கலாம், யானை புதிதாக அவ்வழியில் நடமாடத் தொடங்கியிருக்கலாம். இவற்றைப் படம் சொல்லாது. மலைக் கிராமத்திலிருந்து காப்பிக் கொட்டையும் மிளகும் கொண்டு சந்தைக்கு வருபவர் சொல்வார். மிளகு வாங்குகிற சாக்கில் அரைமணி நேரம் பேசினால், எந்த ஓடையில் கோடையிலும் தண்ணீர் உண்டு, எந்த இடத்தில் கல் வழுக்கும் என்பதெல்லாம் கிடைத்துவிடும்.

மூன்றாவது துணை, காலம். விடுமுறை நாளில் எல்லோரும் போகிறார்கள். ஆகையால் நாம் போகலாகாது. தை மாதத்தில் பொங்கல் கழிந்த பிறகு வரும் சாதாரண வார நாட்கள் மிக உத்தமம். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து ஓடைகளில் நீர் இருக்கும். புல் இன்னும் காய்ந்திராது. அதற்காகச் சொந்த லீவில் இரண்டு நாட்களைத் தியாகம் செய்ய நேர்ந்தது. தலைமை ஆசிரியருக்கு நாம் எழுதிய காரணம் 'சொந்த அலுவல்' என்பது. அது பொய்யன்று.

அனுமதியும் ஆபத்தும்

நான்காவது விஷயம் துணையன்று, கடமை. காட்டுக்குள் செல்ல வனத்துறையின் அனுமதி வேண்டும். கொடைக்கானலைச் சூழ்ந்த காடுகள் 2013-ம் வருஷத்தில் வன உயிரினச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டவை. 'யாருக்கும் சொல்லாமல் போய் வருவதிலே தானே தனிமை இருக்கிறது?' என்று வாலிபர் சிலர் நினைக்கிறார்கள். அவர்களுக்கு நாம் குரங்கணியை நினைவூட்டுவோம்.

2018-ம் வருஷம் மார்ச் மாதம் 11-ந் தேதி, கொழுக்குமலைப் பக்கத்திலிருந்து குரங்கணியை நோக்கி இறங்கிக்கொண்டிருந்த மலையேற்றக் குழுவினரைக் காட்டுத் தீ சூழ்ந்துகொண்டது. காய்ந்த புல் நிறைந்த சரிவில் தீ மேல்நோக்கிப் பாயும் வேகத்துக்கு மனிதக் கால் ஈடு கொடுக்க முடியாது. இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அவர்களில் பெரும்பாலோர் இளம் வயதினர். சென்னையிலிருந்து சென்ற பெண்களும் அவர்களுள் இருந்தனர். அதன் பிறகு மலையேற்றத்துக்கென விதிகள் வகுக்கப்பட்டன. 2024-ம் வருஷம் அக்டோபர் மாதத்தில் தமிழ்நாட்டு அரசு 14 மாவட்டங்களில் 40 தடங்களைத் தேர்ந்து, மலைக் கிராமத்து இளைஞர்களையே வழிகாட்டிகளாகப் பயிற்றி, எளிது, நடுத்தரம், கடினம் என வகை பிரித்துத் திறந்தது. தீப் பருவத்தில், அதாவது பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் நடு வரையில், அத்தடங்களை மூடும் வழக்கமும் ஏற்பட்டது. இக்கட்டுப்பாடுகளைத் தொல்லை என்று எண்ணுவோர், அந்தச் சரிவில் நின்ற பெற்றோரின் கண்ணீரை எண்ணிப் பார்க்க வேண்டும்.

நாமும் முறைப்படி மனு எழுதி அனுமதி பெற்றோம். வெள்ளகவியைச் சேர்ந்த இளைஞர் ஒருவர் வழிகாட்டியாக அமைந்தார். முதுகுப் பையின் எடை உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேற்படலாகாது என்பது நடப்போர் கைக்கொள்ளும் விதி. ஒரு போர்வை, மாற்றுத் துணி, மழைக்கு ஒரு மேலங்கி, கைவிளக்கு, அவல், பொரிகடலை, வெல்லம், ஆளுக்கு மூன்று லிட்டர் தண்ணீர், காயத்துக்கு மருந்து, இவ்வளவே போதும். நாமும் சித்திர ஆசிரியரும் விதியைக் காத்தோம். விஞ்ஞான நண்பரோ தூரதரிசினிக் கண்ணாடி, பறவைகளைப் பற்றிய தடித்த புஸ்தகம், ஒரு ஸ்டவ், அதற்குரிய பாத்திரங்கள் ஆகிய யாவற்றையும் சேர்த்துக் கட்டிக்கொண்டார். "விஞ்ஞானம் கனமானது" என்று அவரே பரிகாசமும் செய்துகொண்டார்.

இறக்கம்

விடியற்காலையில் வட்டக்கானலை அடைந்தோம். அங்கிருந்து டால்பின் நோஸ் என்னும் பாறை முனை வரையில் வழிநெடுகக் கடைகள். வாட்டிய சோளமும் தேநீரும் விற்கிறார்கள். வார நாளாயினும் பாறை முனையில் பத்திருபது பேர் படம் எடுத்துக்கொண்டிருந்தனர். எல்லோரும் அங்கேயே நின்று திரும்பிவிடுகிறார்கள். பாதை நிற்கவில்லை, பக்கத்தில் வளைந்து கீழே இறங்குகிறது. நாமும் இறங்கினோம். கால் மணி நேரத்துக்குள் மனிதக் குரல் முற்றிலும் ஓய்ந்தது.

அந்த நிசப்தத்தை எப்படி வர்ணிப்பது? முதலில் காது திகைத்தது. பிறகு ஒவ்வொன்றாகச் சப்தங்கள் வந்தன. எங்கோ ஆழத்தில் ஓடை. தலைக்கு மேல் கிளை விட்டுக் கிளை தாவும் மலையணில். தொலைவில் கருமந்தியின் கனத்த குரல். சோலைக்குள்ளிருந்து, சீட்டியடித்துக்கொண்டு போகும் சிறுவனைப்போல் பாடும் பூங்குருவி. "இதுவே தான்!" என்று நண்பர் முணுமுணுத்தார். அவரும் பஸ்ஸில் கேட்ட கேள்வியை மறந்திருக்கவில்லை.

மேலே தைல மரங்களும் பைன் மரங்களும். இவை வெள்ளையர் காலத்தில் வந்து குடியேறியவை. சற்று இறங்கியதும், பள்ளங்களில் நம் மண்ணுக்கே உரிய சோலை மரங்கள் பாசி போர்த்து நின்றன. இன்னும் கீழே காப்பித் தோட்டங்கள். பாதையில் பதிந்திருந்த கற்களை உற்று நோக்கினோம். ஒவ்வொன்றும் நடுவில் குழிந்து வழவழப்பாக இருந்தது. செருப்பு தேய்த்ததன்று அது. வெறுங்கால்கள் பல தலைமுறையாக மிதித்து மிதித்து உண்டாக்கிய குழிவு. ஓரிடத்தில் பெரிய மரத்தடியில் தட்டையான கற்கள் அடுக்கப்பட்டிருந்தன. "சுமையை இறக்கி வைக்கிற இடம்" என்றார் வழிகாட்டி. நாமும் பைகளை இறக்கி வைத்து, அவலும் வெல்லமும் உண்டோம்.

வட்டக்கானலிலிருந்து வெள்ளகவியை அடைய மூன்று மணி நேரம் பிடித்தது. இடையில் நாம் சந்தித்தவர்கள், பாரம் ஏற்றிய இரண்டு குதிரைகளும் அவற்றை ஓட்டி வந்த ஒருவரும் மாத்திரமே. தமிழ்நாட்டில் மூன்று மணி நேரத்தில் ஒரே ஒரு மனிதர்!

வெள்ளகவி

ஊரெல்லையில் வழிகாட்டி நின்று தம் காலணியைக் கழற்றினார். நாமும் கழற்றினோம். அவ்வூருக்குள் யாரும் செருப்பணிவதில்லை. ஊரே தெய்வம் உறையும் இடம் என்பது அவர்கள் நம்பிக்கை. சிறு சிறு கோவில்கள் எங்கும் காணப்படுகின்றன. ஒன்றை ஒன்று ஒட்டிய வீடுகள், சாணமிட்டு மெழுகிய முற்றங்கள், முற்றத்தில் உலரும் காப்பிக் கொட்டை. நாம் சென்றபோது மோட்டார் வரும் சாலை அவ்வூருக்கு இல்லை. உப்பும் புளியும் முதல் கூரைத் தகரம் வரை யாவும் குதிரை முதுகிலோ மனிதத் தலையிலோ வந்தவையே.

அன்றிரவு தங்குவதற்குப் பெரியவர் ஒருவர் தம் வீட்டுத் திண்ணையைக் கொடுத்தார். கேழ்வரகுக் களியும் கீரைக் குழம்பும் அவர் மனைவியார் பரிமாறினார்கள். சாப்பிட்ட பிறகு, அடிவாரத்தில் பெரியகுளத்து விளக்குகள் நட்சத்திரக் கூட்டம் போல் மினுக்குவதைக் காட்டி, "இந்த அமைதி எங்களுக்குக் கிடைக்கவில்லையே, ஐயா! நீங்கள் கொடுத்து வைத்தவர்கள்" என்றோம்.

பெரியவர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்:

"வாத்தியாரய்யா, அந்த விளக்கு கிட்டத்திலே தெரியுதுங்க. ஆனா ஒரு பொம்பளைப் பிள்ளைக்கு இடுப்பு வலி கண்டா, அந்த விளக்குக்குப் போய்ச் சேர அரை நாள் ஆகுது. பாம்பு கடிச்சவனையும் இந்தப் பாதையிலேதான் டோலி கட்டித் தூக்கிட்டுப் போறோம். போய்ச் சேருறதும் உண்டு, சேராததும் உண்டு."

உள்ளே சென்று ஒரு காகிதத்தைக் கொண்டுவந்தார். சாலை வேண்டுமென்று அதிகாரிகளுக்கு எழுதிய மனுவின் நகல். "எங்க பிள்ளைக எழுதினது. இந்த மாதிரி எத்தனையோ போயிருச்சு. நீங்க படிச்சவுக. நல்ல வார்த்தையா, சட்டப்படி ஒண்ணு எழுதிக் குடுத்தா ஊரே கையெழுத்துப் போடும்" என்றார்.

இவ்விடத்தில் ஓர் உண்மையை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். நம் மனம் தயங்கியது. சாலை வந்தால் மோட்டார் வரும். மோட்டார் வந்தால் கடை வரும், கூட்டம் வரும், பிளாஸ்டிக் குப்பை வரும். இவ்வளவு தேடிக் கண்ட ஏகாந்தம் இன்னொரு சுற்றுலா ஸ்தலமாகிவிடும். இந்த எண்ணம் ஒரு கணத்தில் மின்னி மறைந்தது. "களைப்பாயிருக்கிறது, காலையில் பார்க்கலாம்" என்று சொல்லிப் படுத்துவிட்டோம். காலையில் பெரியவர் தோட்டத்துக்குப் போய்விட்டார். நாமும் அவரைத் தேடாமலே புறப்பட்டோம்.

டோலி

வெள்ளகவியிலிருந்து கும்பக்கரைக்கு இறங்கும் வழி மேல் வழியைவிடச் செங்குத்தானது. ஒன்றரை மணி நேரம் இறங்கியிருப்போம். விஞ்ஞான நண்பர் உதிர்ந்த கல் ஒன்றின்மீது கால் வைத்தார். கல் உருண்டது, முதுகிலிருந்த பாரம் அவரை முன்னே தள்ளியது. எழுந்திருக்க முயன்றவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். வலது கணுக்கால் நம் கண்ணெதிரே வீங்கத் தொடங்கியது. கைபேசியில் சமிக்ஞை இல்லை. நாம் இருவர் அவரைத் தாங்கிப் பத்தடி நடத்திப் பார்த்தோம்; அந்தச் சரிவில் அது ஆகாத காரியமாயிருந்தது.

வழிகாட்டி, "நீங்க இருங்க" என்று சொல்லிவிட்டு மேல்நோக்கி ஓடினார். நாம் ஒரு மரத்தடியில் காத்திருந்தோம். அதே காடு, அதே நிசப்தம். ஆனால் முந்திய நாள் அமுதமாயிருந்த அமைதி இப்போது நெஞ்சை அழுத்தியது. "யாராவது வர மாட்டார்களா?" என்று ஒவ்வொரு சருகின் ஒலிக்கும் தலை நிமிர்த்திப் பார்த்தோம். ஆளில்லாத பாதையைத் தேடி வந்தவர்கள் ஓர் ஆளுக்காக ஏங்கினோம்.

மூன்று மணி நேரம் சென்ற பின், மூங்கிற் கழியும் கம்பளியுமாக நால்வர் இறங்கி வந்தனர். அவர்களுக்குப் பின்னால் பெரியவரும் வந்தார். கம்பளியைக் கழியில் தொட்டில் போல் கட்டினர். நண்பரை அதில் கிடத்தினர். தோள் மாற்றித் தோள் மாற்றி இறங்கினர். அவர்கள் கால் வைத்த விதத்தை நாம் பின்னாலிருந்து பார்த்துக்கொண்டே வந்தோம். எந்தக் கல் நிற்கும், எந்தக் கல் உருளும் என்பது அவர்கள் பாதங்களுக்குத் தெரிந்திருந்தது. நண்பரின் கனத்த பையை ஒரு வாலிபர் தலையில் வைத்துக்கொண்டார்.

ஓரிடத்தில் இளைப்பாறியபோது பெரியவர் நம் பக்கத்தில் அமர்ந்தார். நாம் வெட்கத்தால் தலை நிமிரவில்லை. அவர் கடிந்து ஒன்றும் சொல்லவில்லை. "கால்தானே வாத்தியாரய்யா, சரியாப் போகும். எங்களுக்குத் தூக்கிப் பழக்கம். இதுக்கு ஆள் இருக்கிற வரைக்கும் கவலையில்லே. வயசுப் பிள்ளைக ஒவ்வொருத்தரா ஊரை விட்டு இறங்கிட்டிருக்காங்க. நாளைக்குத் தூக்க ஆள் இருக்குமோ, தெரியலே" என்றார்.

பொழுது சாயும் வேளையில் கும்பக்கரையை அடைந்தோம். ஒரு ஜீப் அமர்த்தி நண்பரைச் சித்திர ஆசிரியருடன் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். எலும்பில் சிறு முறிவு என்றும், ஆறு வாரத்தில் நடக்கலாம் என்றும் பின்னர் தெரிந்தது. சுமந்து வந்தவர்களுக்குக் கூலி கொடுத்தோம், அவர்களாகக் கேட்கவில்லை, கொடுத்ததை எண்ணிப் பார்க்கவும் இல்லை. இருட்டில் காட்டுமாடு நடமாடும் என்பதால் அவர்கள் அடிவாரத்திலேயே தங்கி விடியற்காலையில் ஏறுவதாகச் சொன்னார்கள்.

நாமும் தங்கினோம். ஒரு தேநீர்க் கடை விளக்கின் கீழ் அமர்ந்து, பையிலிருந்த நோட்டுப் புத்தகத்தைத் திறந்தோம். முந்திய இரவு எழுத மறுத்த மனுவை எழுதினோம். ஊரின் நிலை, வீடுகள், குழந்தைகள், நோயாளியைத் தூக்கி இறங்கும் நேரம் ஆகிய யாவற்றையும் பெரியவர் சொல்லச் சொல்ல எழுதினோம். அன்று நாமே பாதை நெடுகக் கணக்கிட்ட மணி நேரத்தையும் சாட்சியாகச் சேர்த்தோம். அம்மனு அவ்வூரார் முன்னும் பின்னும் அனுப்பிய பல மனுக்களில் ஒன்று. அதற்கு மேல் நாம் பெருமை கொள்ள இடமில்லை.

வழிகளும் உரிமையும்

நிற்க. இப்போது படத்தின் மீது நின்ற அந்த விரலுக்கு வருவோம். "சாலையே இல்லாத ஊர்!" என்று நாம் களித்தது எதைக் கண்டு? நமக்கு ஏகாந்தமாகத் தெரிந்தது அவர்களுக்கு இல்லாமை. கொடைக்கானலின் பழைய நடைபாதைகளில் டோலி சுமந்தவர்களின் பேரப் பிள்ளைகள் அப்பாதைகளை விட்டு விடுதலையடைந்தார்கள். ஏனெனில் சாலை வந்தது. அப்பாதைகளில் இன்று நடப்பவன் விரும்பி நடக்கிறான். அந்தத் தனிமையில் குற்றமில்லை. வேறு வழியின்றி ஒருவர் சுமந்து நடக்கும் பாதையில் நாம் தேடும் தனிமையோ, பிறருடைய கஷ்டத்தை வாடகையின்றி அனுபவிப்பதாகும்.

அப்படியானால் மலைக் கிராமத்துப் பாதையில் நடக்கலாகாதா? நடக்கலாம், நடக்கவும் வேண்டும். சுவிட்ஸர்லாந்து மலைகளைப் படத்தில் கண்டு பெருமூச்சு விடும் நம் இளைஞர், சொந்த நாட்டு மலையின் கல்லையும் மரத்தையும் மனிதரையும் காலால் நடந்து அறிய வேண்டும். ஆனால் விருந்தினராக நடக்க வேண்டும். அனுமதி பெற்று, ஊராரையே வழிகாட்டியாகக் கொண்டு, அவர்களுக்குரிய கூலியைக் குறைக்காமல் கொடுத்து, தீ மூட்டாமல், கொண்டு சென்ற காகிதத்தையும் புட்டியையும் திரும்பக் கொண்டுவந்து, அவர்கள் செருப்பைக் கழற்றும் இடத்தில் நாமும் கழற்றி நடக்க வேண்டும். அவர்கள் சாலை கேட்டால், நம் ஏகாந்தத்தின் பொருட்டு மனம் கோணலாகாது.

சாலை வந்தால் பாதை அழிந்துவிடும் என்று அஞ்ச வேண்டியதில்லை. சாலை சுற்றி வளைந்து போகும்; கூட்டம் அதனோடு போகும். குழிந்த கற்களுள்ள பழைய வழி மரங்களுக்கிடையே அப்படியே கிடக்கும். அன்று அவ்வழியே வருகிறவர் யாரும் நோயாளியைச் சுமந்து வர மாட்டார்.

விஞ்ஞான நண்பர் கால் குணமாகி மறுபடி மேஜையின்மீது நிலப்படத்தை விரித்திருக்கிறார். இம்முறை அவர் பையில் ஸ்டவ் இல்லை. சாலை இல்லாத ஊரை விரல் தொட்டால் மட்டும், அவர் இப்போது கூச்சலிடுவதில்லை, "இங்கிருந்து ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம், ஸார்?" என்று கேட்கிறார்.